பூ குறையும் மாதத்தில் பிறந்த வாசனை

மார்கழி பிறந்தால் மல்லிகை கைவிரித்துவிடும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தபோது, அந்த எல்லைக்குள் விருதுநகர் மாவட்டமும் வந்தது. அந்தக் கௌரவமெல்லாம் பனிக்கு முன்னால் எடுபடாது. இரவு குளிர்ந்தால் மொட்டு பெருக்காது, வரத்து குறையும், விலை ஏறும். தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது, அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் பெண் வீட்டார் முழத்தைக் குறைத்துக் கனகாம்பரத்தைக் கூட்டிக் கட்டச் சொல்வார்கள். கனகாம்பரத்தில் நிறம் உண்டு, மணம் கிடையாது.

குளிர்காலத்துக்கென்று காரமான, கனத்த, நாள் முழுக்க நிற்கும் ஒரு வாசனை இருக்கிறதே, கிராம்பும் பட்டையும் மரமும் பிசினும் சேர்ந்தது, அது பிறந்தது இந்த வெற்றிடத்தில்தான் என்பது என் கட்சி. பாரீஸில் பிறந்தது என்று விளம்பரக்காரர்கள் சொல்லட்டும். பூ ஓய்ந்த மாதத்தில், பாண்டிய நாட்டு அடுப்புத் தணலில் அதற்கு ஒரு பிறந்த வீடு உண்டு.

சாட்சி சங்கப் புலவர் நக்கீரர். நெடுநல்வாடையில் அவர் ஒரு குளிர்கால ஊரைக் காட்டுகிறார். மழை விட்டும் தூவானம் விடாத நாள். வானம் மூடிக்கிடப்பதால் அந்தி எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் தட்டில் வைத்திருந்த பிச்சி மொட்டு இதழ் விரித்து மணக்கிறது. ஓ, பொழுது சாய்ந்துவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள். மூக்கையே கடிகாரமாக வைத்திருந்த ஊர். அப்படிப்பட்ட ஊரிலேயே குளிர் வந்ததும் வாசனைப் பழக்கம் தலைகீழாக மாறிவிடுகிறது. வடக்கிலிருந்து வந்த வெள்ளைச் சந்தனக் கல்லும் தெற்கத்திச் சந்தனமும் தேடுவாரில்லாமல் கிடக்கின்றன. கூந்தலில் மாலை இல்லை, பேருக்குச் சில பூ. அதற்குப் பதில் தகர மரத்தில் நெருப்பு மூட்டி, வைரம் பாய்ந்த அகிலையும் வெள்ளைக் கண்டசர்க்கரையையும் சேர்த்துப் புகைக்கிறார்கள். வேனிலில் வீசிய விசிறி சிலந்திக்கூடு படிந்து தொங்குகிறது. குளிர்ந்த நீரை யாரும் தொடுவதில்லை, தணல் சட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சர்க்கரையைக் கவனியுங்கள். மரப்புகை தனியாக இருந்தால் தொண்டையைப் பிடிக்கும். சர்க்கரை கருகும்போது எழும் இனிப்பு அதைத் தணிக்கும். காரத்துக்கும் மரத்துக்கும் அடியில் ஓர் இனிப்பைப் படுக்கவைப்பது இன்றைய குளிர்கால செண்ட்காரர்களும் விடாமல் செய்கிற வேலை. அவர்கள் வனிலாவைப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர் சிரிப்பார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் விடிகாலையில் 20 டிகிரியை நெருங்கினாலே தலையில் துண்டு ஏறிவிடும். ஆனால் வாசனைக்கு அந்த இறக்கமே போதும். மணம் என்பது ஆவியாகி மூக்குக்கு வந்து சேரும் பொருள். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனின் 176 டிகிரியில் கொதிக்கும், மல்லிகையில் இருக்கும் லினலூல் 198-ல் கொதிக்கும். கிராம்பின் யூஜினாலுக்கு 254 டிகிரி வேண்டும், சந்தன எண்ணெயின் சாரத்துக்கு அதற்கும் மேலே. கொதிநிலை தாழ்ந்தது சாதாரண வெயிலிலேயே பறக்கும். சித்திரையில் அது போதும், சொல்லப்போனால் அதுதான் சுகம். குளிரில் ஆவியாவது எல்லாவற்றுக்கும் குறையும். மென்மையான மணம் மூக்குக்கு எட்டாமலே நின்றுவிடும். கனத்தது மட்டும் உடம்புச் சூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழும். அதே கனத்ததை அக்கினி நட்சத்திரத்தில் பூசிக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரர் இறங்கிவிடுவார். நக்கீரர் காட்டும் ஊரில் சந்தனத்தைக் குளிரில் ஏன் ஒதுக்கினார்கள் என்றால் மணத்துக்காக அல்ல, அது ஈரச் சாந்து, மார்பில் பூசினால் நடுக்கம் எடுக்கும். ஆக, குளிரில் மணத்துக்கு ஒரு சூடு தேவை. அதை முதலில் கொடுத்தது நெருப்பு.

அகில் இந்தக் கரிசல் காட்டில் முளைத்ததல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டியோர் கப்பல் கப்பலாக இட்ட அகிலையும் துகிலையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் சுமந்துகொண்டு கீழ்க்காற்று மதுரைக்குள் புகுகிறது. வியாபாரம் நாளடைவில் எவ்வளவு பெருத்தது என்பதற்குச் சாட்சியாகச் சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸ் துறைமுகத்தை ஒட்டிய லோபு துவாவில் ஒரு கல் கிடைத்தது. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. அங்கே வரும் கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஆயம் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. வாசனைப் பொருள் வரிக்கு அளவுகோலாக இருந்த இடம்! பாரூஸ் கற்பூரத்துக்குப் பேர்போனது. சாம்பிராணிப் பிசினும் அந்தத் தீவுக் காட்டு மரங்களில் கீறி எடுப்பதுதான்.

அகில் ராஜாக்களோடும் மாடங்களோடும் நின்றுவிட்டது. சாம்பிராணி எல்லா வீட்டுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, தூபக்காலில் கங்கு அள்ளி, சாம்பிராணித் தூளை ஒரு சிட்டிகை தூவி, அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, ஈரக் கூந்தலைக் கூடைமேல் விரித்துப்போடுவார்கள். கூந்தல் காயும், சளி பிடிக்காது என்று நம்பிக்கை, மணம் மறுநாள் வரை தலையணையில் இருக்கும். இப்போது கம்ப்யூட்டர் சாம்பிராணி வந்து கங்குக்கு வேலை இல்லாமல் போனது. அதைக் கொளுத்தினால் மரத்தூள் வாடை முன்னால் வருகிறது, பிசின் மணம் பின்னால் எங்கோ நிற்கிறது.

புகை சீசாவுக்குள் போன கதைக்கு வடக்கே, உத்தரப்பிரதேசத்துக் கன்னோசிக்குப் போக வேண்டும். அத்தர் காய்ச்சும் ஊர். செம்பு அண்டாவில் சரக்கையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு செம்புக் குடத்துக்கு இறக்குவார்கள். அந்தக் குடத்தில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் காத்திருக்கும், வந்த மணத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே அத்தருக்குப் பருவம் உண்டு. வெயிலுக்கு வெட்டிவேர், ரோஜா, மண்வாசனை. குளிருக்கு ஹினா, அதைவிடக் காரமாக ஷமாமா. ஷமாமாவில் என்னென்ன போகிறது என்பது வீட்டுக்கு வீடு ரகசியம், ஆனால் கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, சடாமாஞ்சில் இருக்கும். கூடவே சரிலா என்ற ஒரு பாசி போகும். அந்தச் சரிலா வேறெதுவும் இல்லை, நம்ம கல்பாசி. விருதுநகர் மளிகைக் கடைகளில் பட்டை, அன்னாசிப்பூவோடு ஒரே பொட்டலத்தில் கட்டித் தருகிறார்களே, சால்னா கொதிக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்குமே, அதே கருப்புச் சருகு. பச்சையாக மோந்தால் பழைய மரப்பெட்டி வாடைதான். சூடு பட்டால்தான் வாய் திறக்கும்.

மேலைநாட்டு செண்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1925-ல் கெர்லேன் நிறுவனத்தின் ஷாலிமார், 1953-ல் எஸ்டே லாடரின் யூத் டியூ, 1977-ல் ஈவ் சேன் லோரானின் ஓப்பியம். கடைசி இரண்டிலும் கிராம்பு, பட்டை தூக்கல். மூன்றுக்கும் அடித்தளம் வனிலா, பிசின் வகையறா. நாம் தணலில் தூவியதை அவர்கள் ஆல்கஹாலில் கரைத்தார்கள், கங்குக்குப் பதிலாகக் கழுத்து நரம்பின் சூட்டை வைத்தார்கள்.

அகிலும் திரும்பி வந்துவிட்டது. துபாய், சவூதி போய் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவரும் ஊது அத்தர் அகில் மரத்து எண்ணெய்தான். மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கருத்த பிசினின் மணம் அது. நோய் வராத மரத்தில் மணம் இல்லை. வெட்டித் தீர்த்ததால் 2004-ல் எடுத்த முடிவின்படி அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ஐம்பது ரூபாய்க்கு ஊது என்று எழுதிய ரோல்-ஆன் கிடைத்தால், அதில் அகில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சந்தன எண்ணெய் விலை ஏறியபிறகு அத்தர்களிலேயே பாரஃபின் எண்ணெய் புகுந்துவிட்டது.

நல்ல அத்தர் கையில் இருந்தால் ஒரு சொட்டு போதும். மார்கழிக் காற்றில் தோல் வெடித்துக் கிடக்கும், வறண்ட தோலில் மணம் தங்காது. முதலில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி, அதன்மேல் காது மடலுக்குப் பின்னால் வைக்க வேண்டும். பஞ்சில் நனைத்துக் காதில் செருகுவது பழைய முறை, அதில் இன்னும் நிதானமாக எழும். சிக்கனம் பார்க்கிறவர்கள் நாட்டு மருந்துக் கடையில் நல்ல பால் சாம்பிராணி நூறு கிராம் வாங்கி, கங்கின் மேல் இரண்டு கிராம்போடு தூவி, சட்டையை ஐந்து நிமிடம் விரித்துப் பிடித்தாலும் சாயங்காலம் வரை நிற்கும். பாலியெஸ்டரைப் பிடிக்காதீர்கள், பொறி பட்டால் ஓட்டை. அருப்புக்கோட்டை போன்ற நெசவாளர் ஊரில் பருத்திச் சட்டைக்கு என்ன பஞ்சம்?