ஹூரோன் மக்களின் கண்களில்

அக்டோபர் 19ஆம் நாள் திருவழிபாட்டில் நாம் நினைவுகூரும் வட அமெரிக்க மறைசாட்சிகளுள் ஒருவர் புனித ழான் தெ பிரேபெஃப். பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான அவர், இன்றைய கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் வாழ்ந்த ஹூரோன் மக்களிடையே பணியாற்றி, 1649 மார்ச்சில் ஈரோகுவா வீரர்களால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 1930இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய வீரத்தை நாம் அறிவோம். ஆனால், அந்த ஹூரோன் மக்களின் கண்களுக்கு அவர் எவ்வாறு தோன்றினார் என்று கேட்டிருக்கிறோமா?

1634 முதல் ஆறு ஆண்டுகள் கொள்ளைநோய்கள் அடுத்தடுத்து அம்மக்களைத் தாக்கின. இறுதியில் வந்தது பெரியம்மை. 20,000க்கும் மேற்பட்டிருந்ததாகக் கணிக்கப்படும் மக்கள்தொகை 1640இல் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கிருமி என்பதை அன்று எவரும் அறியார். அம்மக்கள் கண்டது இதுதான்: கறுப்பு அங்கி அணிந்தோர் வந்தனர், நோயும் வந்தது. குருக்களும் நோயுற்றனர், ஆனால் பிழைத்துக்கொண்டனர். சாகக் கிடக்கும் குழந்தையின் தலையில் அவர்கள் நீர் வார்த்தனர், குழந்தை இறந்தது. இவர்கள் சூனியக்காரர்கள் என்று ஒரு தாய் முடிவுசெய்திருந்தால், அவளை அறிவிலி என்று எப்படிச் சொல்வது? தன் கண்ணால் கண்டதைக் கொண்டே அவள் முடிவுக்கு வந்தாள்.

குருக்களின் பக்கமும் நாம் நிற்க வேண்டும். திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தை வானகத்தை இழந்துவிடும் என்பது அவர்களுடைய காலத்து உறுதியான நம்பிக்கை. ஆகவேதான், பெற்றோர் மறுத்த இடங்களில் மறைவாகவும் திருமுழுக்கு அளித்தனர். அவர்களுக்கு அது அன்பின் செயல். அந்தத் தாய்க்கு அது கொலை. ஒத்துணர்வு என்பது இரு தரப்பும் சரியென்று தலையாட்டுவதன்று. மறைவாக அளித்த திருமுழுக்கை இன்று என்னால் ஏற்க இயலாது. எனினும், அதனை அளித்தவரின் நடுங்கும் கரத்தை நான் உணராவிட்டால் அவரைப் பற்றித் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை.

இதை அறிந்தபின் 1649இன் கொடுமையும் வேறொரு பொருள் தருகிறது. ஈரோகுவாக்களோடு சேர்ந்துவிட்டிருந்த ஹூரோன் ஒருவரே, திருமுழுக்கை ஏளனம் செய்து, பிரேபெஃப் அடிகளார் மேல் கொதிநீரை ஊற்றியதாக அக்காலக் குறிப்பு கூறுகிறது. கொடுமை கொடுமைதான். ஆயினும் அந்த நீருக்குள் பதினைந்து ஆண்டுச் சாவுகள் கிடந்தன.

நமக்குள்ள சான்றுகளில் பெரும்பாலானவை குருக்கள் எழுதிய ஆண்டறிக்கைகளே. ஹூரோன்களின் குரலையும் அவர்களை அஞ்சியோரின் எழுத்துக்குள்தான் தேட வேண்டியுள்ளது. வியப்பு என்னவெனில், அது அங்கே கிடைக்கிறது. தங்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளைக் குருக்கள் மறைக்காமல் எழுதிவைத்தனர்.

பிரேபெஃப் அடிகளார் அம்மக்களின் மொழியைப் பயின்றவர். புதிதாக வரும் குருக்களுக்கு 1637இல் அவர் எழுதிய அறிவுரைகளில் இறையியல் குறைவு; ஓடத்தில் ஏறும்போது அவர்களைக் காக்கவைக்காதீர்கள், தண்ணீரோ மணலோ உள்ளே வராதபடி அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அவர்கள் தரும் கஞ்சியை அவர்கள் சமைத்தபடியே உண்ணுங்கள் என்பன போன்றவையே மிகுதி.

அதே ஆண்டு அவரைக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு மன்றங்களில் எழுந்தது. சாவை எதிர்நோக்கும் ஹூரோன் ஒருவர் ஊராருக்கு விருந்தளித்து விடைபெறுவது அவர்களது வழக்கம். அக்டோபரில் அடிகளாரும் அவ்வாறே விருந்தளித்தார். வீடு நிறைய மக்கள் வந்தனர். மறுவாழ்வைப் பற்றி அவர்களது மொழியிலேயே பேசினார். அவர்கள் கேட்டிருந்துவிட்டு எழுந்து சென்றனர். அவரைக் கொல்ல எவரும் வரவில்லை.