ஹிமா: புல்வெளியும் கடற்புல்லும்

இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் வலிமை மிக்க குலத்தலைவன் செழிப்பான நிலமொன்றை அடைந்தால், மேட்டில் நாயைக் குரைக்கவிட்டு, அவ்வொலி எட்டும் எல்லைவரை தனக்கே உரிய மேய்ச்சல் நிலமென அறிவிப்பான் என்று நம் இமாம்கள் எழுதியுள்ளனர். ‘ஹிமா’ எனும் காப்பு நிலத்தின் பழைய வடிவம் இதுவே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியது என்றார்கள். மதீனாவை அடுத்த நகீஃ நிலத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்கெனக் காத்தார்கள்.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய நிலங்களைக் காப்பு நிலங்களாக்கினார்கள். ஹிமாவுக்குப் பொறுப்பாளராக நியமித்த ஹுனைய் என்பாருக்கு அவர்கள் இட்ட கட்டளையைப் புகாரி இமாம் பதிவு செய்துள்ளார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடவேண்டும். செல்வந்தர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடலாகாது. செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் உண்டு; ஏழையோ மக்களுடன் வந்து கலீஃபாவின் வாயிலில்தான் நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் வழங்குவதைவிட, இப்போது புல்லும் நீரும் வழங்குவது எளிது என்பது அவர்கள் கூறிய காரணம்.

‘எதைக் காப்பது’ என்பதோடு ‘யாரை உள்ளே விடுவது’ எனும் வினாவும் ஹிமாவில் அடங்கியிருப்பதை இதனால் அறிகிறோம். அவ்வினா இன்று நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்கும் வந்துள்ளது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அதன் ஒரு முனை தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம். மறுமுனை நம் அம்மாபட்டினம். ஆவுளியா எனப்படும் கடற்பசு, இந்தியாவில் ஏறத்தாழ 240 மட்டுமே எஞ்சியிருப்பதாக அப்போது மதிப்பிடப்பட்டது. ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இவ்வுயிர், கடற்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. கடற்புல் பாசியன்று, வேரூன்றிப் பூக்கும் தாவரம். மீன்குஞ்சுகளும் இறாலும் வளரும் தொட்டிலும் அதுவே. ஆகவே அப்புல்வெளி அழிந்தால் ஆவுளியாவோடு சிறு மீனவரின் பிழைப்பும் அழியும் என்பதே ஆய்வுகளின் சாரம்.

கடலடியை உழுது செல்லும் இழுவை மடிகளே அப்புல்லுக்குப் பெரும் பகை. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தமோ, இத்தகைய காப்பகத்தை அறிவிக்குமுன் அவ்வூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடமளிக்கிறது. சட்டத்தில் நீதி உண்டு. அதைச் செயலாக்கும் ஹுனைய்கள் தேவை.

நம் கரையோர ஜமாஅத்துகள் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ளலாகாதா? விசைப்படகு உரிமையாளரும் நாட்டுப்படகு மீனவரும் ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்கும் ஊர்கள் இவை. அங்கே எளியவனுக்காகப் பேசுவது எளிதன்று. ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தடுத்தது அந்நியரின் மந்தையை அன்று. தம் நெருங்கிய தோழர்களின் மந்தையையே என்பதை நாம் மறத்தலாகாது.