தந்தை பெயரைத் துறந்தவன்

அமெரிக்க நாட்டில் 1920ஆம் ஆண்டு ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவைக் காய்ச்சுவதும் விற்பதும் ஏற்றிச் செல்வதும் குற்றமாயின. குடிப்பது மட்டும் குற்றமாகவில்லை! மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் மது வாங்கவும் வழி இருந்தது. இந்த இடுக்கில் நுழைந்து பெருஞ்செல்வம் திரட்டினோர் பலர். 1933 டிசம்பரில் அவ்விலக்கு நீக்கப்பட்டது.

அந்நாட்களுக்குச் சாட்சியாக நிற்பது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925 ஏப்ரலில் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் நாவல். கதை நிகழ்வது 1922ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில். வட டகோட்டாவின் ஏழை உழவர் ஒருவரின் மகன் ஜேம்ஸ் கேட்ஸ். பதினேழாம் வயதில் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என மாற்றிக் கொள்கிறான். தான் நேசித்த டெய்சி என்பாள் செல்வந்தன் ஒருவனை மணந்துவிட, அவளை மீண்டும் அடைவதற்காகவே பொருள் குவிக்கிறான். மருந்துக் கடைகளை வாங்கி அங்கே சாராயம் விற்றதுதான் அப்பொருள் வந்த வழி என்பது, டெய்சியின் முன்னிலையிலேயே, அவள் கணவன் வாயால் வெளிப்படுகிறது.

அரபுக் கிதாபுகளில் 'இன்னாரின் மகன் இன்னார்' என்றே மனிதர்களை அறிந்து பழகிய எனக்கு, இந்நூலில் நெஞ்சை உறுத்தியது சாராயமன்று. அந்தப் பெயர் மாற்றமே. தன் குடும்பத்தார் யாவரும் இறந்துபோக, சொத்து தனக்கு வந்ததாகக் கேட்ஸ்பி சொல்லிக் கொள்கிறான். உயிரோடிருந்த தந்தையை நாவினாலேயே அடக்கம் செய்துவிட்டான்! எனினும் அத்தந்தைக்கு வீடு வாங்கித் தந்தவனும் அவனே. ஆகவே அவனைக் கல்நெஞ்சன் என்றுரைக்க எனக்கு மனமில்லை.

நூலுக்கும் நல்ல காலம் உடனே வரவில்லை. 1940 டிசம்பரில், தம் 44ஆம் வயதில், ஆசிரியர் இறந்தபோது அதன் இரண்டாம் பதிப்பே விற்றுத் தீராமல் கிடந்தது. 1945இல் போர்வீரர்களுக்கு இலவசமாக வழங்கவென்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பிரதிகள் அச்சாயின. அதன் பின்னரே நாடு அதைத் தேடிப் படித்தது.

கேட்ஸ்பியின் மாளிகை விருந்துகளில் நூற்றுக்கணக்கானோர் உண்டு களித்தனர். அவன் கொலையுண்டபின் அடக்கத்துக்கு வந்தோர் மிகச் சிலரே. செய்தித்தாளில் கண்டு, தொலைவிலிருந்து முதிய தந்தை வந்து சேர்ந்தார். கையில் மகன் சிறுவயதில் படித்த பழைய கதைப்புத்தகம். அதன் கடைசி ஏட்டில், 1906 செப்டம்பர் 12ஆம் தேதியிட்டு, அச்சிறுவன் தன் அன்றாட ஒழுங்கை எழுதி வைத்திருந்தான்: எழும் நேரம், உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, சேமிக்க வேண்டிய காசு. பட்டியலின் கடைசியில், தாய் தந்தையரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தான்.