பெயர் ஒன்றானால் வாரிசாகுமா?

கடல் கடந்து பொருளீட்டிய சமுதாயம் நம்முடையது. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என நம் முன்னோர் கடை விரிக்காத துறைமுகம் கீழைக் கடலில் குறைவு. சென்றவர்களுள் திரும்பியோர் உண்டு. அம்மண்ணிலேயே அடங்கியோரும் உண்டு. 1942இல் போர் நெருங்கியபோது பர்மாவிலிருந்து கால்நடையாகவே வந்து சேர்ந்தவர்கள் விட்டுவந்த கடைகளும் மனைகளும் எத்தனையோ! 1963, 1964ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு அரசு வணிக நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது எஞ்சியிருந்தவையும் கைநழுவின. எனவே, "பாட்டனாருக்கு அக்கரையில் சொத்து இருந்தது" என்னும் பேச்சு நம் இல்லங்களில் இன்றும் ஓயவில்லை.

அந்தப் பேச்சு பொய்யன்று. ஆயின், பொய்யர்க்கு அதனினும் நல்ல விளைநிலம் வேறில்லை.

செய்யாரிலோ, பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியிலோ ஓர் இல்லத்திற்கு அயல்நாட்டு அஞ்சல்தலை ஒட்டிய கடிதம் ஒன்று வருவதாகக் கொள்வோம். எழுதியவர் தம்மை வழக்கறிஞர் என்றோ வங்கி அதிகாரி என்றோ கூறிக்கொள்கிறார். பெருஞ்செல்வர் ஒருவர் விபத்தில் மாண்டாராம். அவருக்கு வாரிசு இல்லையாம். அவர் பெயரும் தங்கள் பெயரும் ஒன்றாம். தங்களையே வாரிசாகக் காட்டிப் பணத்தைப் பெற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாமாம். செய்தி வெளியே தெரியலாகாதாம். பதில் எழுதியதும் பதிவுக் கட்டணம், வரி, முத்திரைச் செலவு எனக் கேட்பு வளரும். சொத்து மட்டும் வந்து சேராது.

இக்கடிதம் நேற்றுப் பிறந்ததன்று. பிரெஞ்சுக் காவல்துறையில் புகழ்பெற்ற விதோக் என்பார் 1828இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இதன் முன்னோடியை விவரித்துள்ளார். பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் சிறையிலிருந்த கைதிகள், வசதி படைத்தோரின் முகவரிகளைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினர். 'புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபு ஒருவரின் பணியாள் நான். அவருடைய நகைப்பேழையை உங்கள் ஊர்ப்பக்கம் மறைத்து வைத்துள்ளேன். சிறிது பொருள் அனுப்பினால் அதை மீட்கலாம்' என்பது அவற்றின் சாரம். நூறு கடிதம் எழுதினால் இருபதுக்குப் பதில் வந்தது என்கிறார் விதோக். இவற்றுக்கு 'ஜெருசலம் கடிதங்கள்' என்று பெயர்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கதை ஸ்பெயின் நாட்டுச் சிறைக்கு இடம் மாறிற்று. கைதி இப்போது கடிதம் பெறுபவருக்குத் தூரத்து உறவினரானார். தாயற்ற மகள் ஒருத்தியும் கதையில் சேர்ந்தாள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் ஏமாந்தனர். இதனை 'ஸ்பானியக் கைதி' மோசடி என்பர்.

அமெரிக்காவில் நடந்த மற்றொன்று இன்னும் பெரிது. 1596இல் மறைந்த ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் சொத்து பங்கிடப்படாமல் கிடப்பதாகவும், அதை மீட்கும் வழக்குக்குப் பணம் வேண்டுமெனவும் ஆஸ்கர் ஹார்ட்செல் என்பவர் பரப்பினார். டிரேக் என்னும் குடும்பப் பெயர் கொண்டோரில் தொடங்கிப் பல்லாயிரம் பேர் பணம் கொடுத்தனர். வாய் திறந்தால் பங்கு போய்விடும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1933இல் அஞ்சல்வழி மோசடிக் குற்றத்திற்காக அவர் தண்டிக்கப்பட்டார். வியப்பு யாதெனில், அவர் பிடிபட்ட பின்னரும் அவரை நம்பிப் பணம் அனுப்பியோர் இருந்தனர்!

1980களில் இக்கடிதங்கள் நைஜீரியாவிலிருந்து பெருகின. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே இம்மோசடிக்குப் பெயராயிற்று. அதனால் அந்நாட்டு மக்களைப் பழிப்பது முறையன்று. அவர்கள் நாடு பிறக்கும் முன்பே இக்கடிதம் ஐரோப்பாவில் பிறந்துவிட்டது.

சரிகையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவந்த பட்டிழை தெரிந்தால் அசல் என்றும், செம்பு தெரிந்தால் போலி என்றும் நெசவறிந்தோர் சொல்வர். இக்கடிதத்தைச் சுரண்டிப் பார்க்க நம்மிடம் ஓர் உரைகல் இல்லையா? உண்டு. அதுவே வாரிசுரிமை பற்றிய ஃபராயிள் கல்வி.

முதலாவதாக, ஃபராயிள் இரத்த உறவையும் திருமண உறவையும் கேட்கிறது, பெயரைக் கேட்பதில்லை. மேலைநாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தந்தையார் பெயரின் தலையெழுத்தே முன் நிற்கிறது. அப்துல் காதர் என்று பெயர் வைத்தவர்கள் உலகில் எத்தனை இலட்சம் பேர்! அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வாரிசாவரோ?

இரண்டாவதாக, இறந்தார் விட்டுச் சென்ற பொருளிலிருந்தே அடக்கச் செலவு, கடன், மூன்றிலொரு பங்கு வரம்புக்குட்பட்ட வஸிய்யத் ஆகியன தீர்க்கப்படுகின்றன, எஞ்சியதே வாரிசுகளுக்கு. இங்கோ, முகமறியாதவர் கணக்கில் நாம் முதலில் பணம் கட்ட வேண்டுமாம்! நீதிமன்றக் கட்டணம் எனில், அது நீதிமன்றத்தில் இரசீதுடன் கட்டப்படுவது.

மூன்றாவதே முக்கியமானது. இறந்தவர் நமக்கு உறவினர் அல்லர் என்பதைக் கடிதமே ஒப்புக்கொள்கிறது. அப்படியாயின், அது நம்மைப் பொய்ச் சாட்சிக்கு அழைக்கிறது. வாரிசற்ற பொருள் பைத்துல்மாலுக்கு உரியது என்பது மார்க்க நெறி. இந்திய அரசியலமைப்பின் 296ஆம் பிரிவும் அத்தகைய சொத்தை அரசிடமே சேர்க்கிறது. கடிதம் பொய் என்பதால் பணத்தை இழக்கிறோம். அது மெய்யாகவே இருந்தாலும் நாம் பெறுவது ஹராம். ஏமாந்தவர்கள் காவல் நிலையம் செல்ல நாணுவதற்கும் இந்த உடந்தையே காரணம். அந்த நாணமே மோசடிக்காரனுக்குக் காவலாக நிற்கிறது.

எனவே, இத்தகைய கடிதம் வந்தால் பதில் எழுதலாகாது. ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அனுப்பலாகாது. ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் இருப்பினும் மயங்க வேண்டுவதில்லை. தனியார் எவருக்கும் அவ்வங்கி கணக்கு வைப்பதில்லை. இத்தகைய பொய்யான வாக்குறுதிகளை நம்பி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி 2010இலேயே அது எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருப்பின், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவிக்க வேண்டும். ஏமாற்றுதல் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் அடங்கிற்று; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் அடங்குகிறது.

மெய்யாகவே முன்னோர் சொத்து இருக்குமென்று கருதுவோர் தாமே தேடட்டும். உறவுமுறைப் பட்டியலையும் இறப்புச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு, தாம் தேர்ந்த வழக்கறிஞரை நாடட்டும். உள்நாட்டு வங்கிகளில் பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகைகளைத் தேட 2023இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையவாயிலைத் திறந்துள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை.

அக்கரைச் சொத்தை எண்ணி ஏங்கும் முதியவர் இருக்கும் இல்லங்களில் பிள்ளைகள் இதனைப் பரிவோடு எடுத்துரைக்கட்டும். கடிதம் வந்ததும் வீட்டாரிடம் காட்ட அவர்களுக்குத் துணிவு வேண்டும்; நகைப்புக்கு அஞ்சினால் அவர்கள் அதை மறைத்தே வைப்பர். மறைத்து வைக்கப்பட்ட கடிதத்தால்தான் வீட்டுப் பணம் வெளியேறுகிறது.