ஃபிலே கோயில்: ஓர் எழுத்துமுறையின் இறுதிப் புகலிடம்

மொழியின் மறைவும் எழுத்தின் மறைவும் ஒன்றல்ல. ஒரு மொழி பேச்சில் வழங்கிவரும்போதே அதன் தொல்லெழுத்து படிப்பாரின்றி வழக்கொழிந்துபோதல் கூடும். பண்டை எகிப்திய மொழி இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஹைரோகிளிஃப் எழுத்தின் இறுதிக்காலம் ஃபிலே என்னும் கோயில் வளாகத்தோடு பிணைந்துள்ளது. அவ்வளாகத்தின் கட்டட வரலாற்றை எழுத்து வரலாற்றோடு இணைத்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

1. வளாக அமைப்பு

அஸ்வானுக்குத் தெற்கே, நைல் ஆற்றின் முதல் பாறைத்தடையை ஒட்டி அமைந்திருந்த சிறு தீவு ஃபிலே. முதலாம் நெக்டனெபோ (கி.மு. 380-362) எழுப்பிய மண்டபம் இங்குள்ள தொன்மையான பகுதிகளுள் ஒன்று. ஐசிஸ் தேவியின் பெருங்கோயிலை இரண்டாம் தாலமி தொடங்கினார்; பின்வந்தோர் விரிவாக்கினர். ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள முதல் வாயிற்கோபுரத்தைக் கடந்தால் முற்றம். அதன் மேற்கில் ஹோரஸின் பிறப்பைப் போற்றும் பிறப்பு மண்டபம். எதிரே இரண்டாம் வாயிற்கோபுரம். அதற்கப்பால் தூண் மண்டபமும் கருவறையும். இரு கோபுரங்களும் ஒரே நேர்க்கோட்டில் அமையவில்லை. உரோமர் காலத்தில் மேற்கே ஹேட்ரியன் வாயிலும் கிழக்கே பதினான்கு தூண்கள் கொண்ட டிராஜன் மண்டபமும் சேர்ந்தன.

கிரேக்க, உரோம ஆட்சிகளில் பூசாரிகள் கோயிற்சுவர்களுக்கெனப் புதிய குறிகளைப் படைத்தனர். ஆயிரத்திற்கும் குறைவாக இருந்த குறிகள் பல ஆயிரமாகப் பெருகின. எழுத்து செழித்ததாகத் தோன்றினும், அதைக் கற்றோர் வட்டம் கோயிலுக்குள்ளேயே சுருங்கியது.

2. கடைசிக் கல்வெட்டு

தியோடோசியஸ் பேரரசர் கி.பி. 391-392 ஆண்டுகளில் பழஞ்சமய வழிபாடுகளைத் தடைசெய்தார். எனினும், தெற்கே வாழ்ந்த பிளெமியர் முதலிய மக்கள் ஐசிஸை வழிபட்டதனால் ஃபிலேயில் வழிபாடு நீடித்தது. கி.பி. 394 ஆகஸ்டு 24 அன்று, ஐசிஸின் இரண்டாம் பூசாரியான நெஸ்மெட்டராகெம் என்பவர் ஹேட்ரியன் வாயிலில் நூபியத் தெய்வமாகிய மண்டுலிஸின் உருவத்தருகே சில வரிகள் பொறித்தார். காலம் குறிக்கப்பட்ட ஹைரோகிளிஃப் கல்வெட்டுகளுள் இதுவே கடைசியானது. கடைசி டெமாட்டிக் பொறிப்பும் (கி.பி. 452) இவ்வளாகத்திலேயே உள்ளது. ஜஸ்டினியன் காலத்தில் (527-565) வழிபாடு முடிவுற்று, கோயிலின் ஒரு பகுதி தேவாலயமாயிற்று.

ஆயினும் மொழி மடியவில்லை. கிரேக்க எழுத்துகளோடு டெமாட்டிக்கிலிருந்து பெற்ற ஆறேழு குறிகளைச் சேர்த்து, காப்டிக் என்னும் வடிவில் அது தொடர்ந்து எழுதப்பட்டது. இன்றும் காப்டிக் திருச்சபையின் வழிபாட்டில் ஒலிக்கிறது.

3. மீண்டும் படிக்கப்பட்டமை

எழுத்து மறைந்த இடமே அதை மீட்கவும் உதவியது. ஃபிலேயில் கிடைத்த கூர்நுனிக் கல்தூண் ஒன்றைப் பேங்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அதன் பீடத்தில் கிரேக்கமும் தண்டில் ஹைரோகிளிஃபும் இருந்தன. கிரேக்கப் பகுதி, அலுவலரும் படைவீரரும் கோயிலின்மேல் சுமத்திய செலவு குறித்துப் பூசாரிகள் எட்டாம் தாலமியிடம் செய்த முறையீட்டைத் தருகிறது. இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. பயன்பட்டவை பெயர்களே. ரோசெட்டாக் கல்லிலுள்ள தாலமியின் பெயரையும் இத்தூணிலுள்ள கிளியோபாட்ராவின் பெயரையும் ஷாம்போலியோன் 1822-இல் ஒப்பிட்டார். ப, ஒ, ல ஒலிகளின் குறிகள் ஒத்துவந்தன. த ஒலிக்கு மட்டும் வேறு குறி இருந்தது. ஓரொலிக்குப் பல குறிகள் வரலாம் என்று அவர் விளக்கினார். அவரது காப்டிக் புலமை பிற்பட்ட ஆய்வுக்குப் பெருந்துணையாயிற்று.

4. முடிவுரை

1902-இல் முடிந்த அஸ்வான் அணையால் ஃபிலே ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. உயர் அணையும் எழுந்தபின், யுனெஸ்கோவின் முயற்சியால் ஏறத்தாழ 40,000 கற்கள் எண்ணிடப்பட்டுப் பெயர்க்கப்பட்டு அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் அடுக்கப்பட்டன. 1980-இல் கோயில் திறக்கப்பட்டது. கல்லைக் காத்தல் இயன்றது. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் அழிந்தது கல்லன்று. அதைப் படிக்கக் கற்பிக்கும் மரபு. சுவர்கள் நின்றபடியே இருக்க, அவை பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பேசாதிருந்தன. எழுத்தைக் காப்பது பொறிப்பு அன்று, கற்பிப்பே என்பது ஃபிலே உணர்த்தும் உண்மையாகும்.