கொல்லைப்புறத்தில் ஷெட் போடப் போறீங்களா? மழைக்கும் காற்றுக்கும் தாங்க என்ன செய்யணும்?

மண்வெட்டி, ஹோஸ், உர மூட்டை, பழைய தொட்டி என தோட்டச் சாமான்களைப் போட்டு வைக்க வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தகர ஷெட் போடுவது இப்போது சகஜம். வெல்டர் வந்தால் இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வடகிழக்கு பருவமழை வந்ததும் ஒழுகுவதும், புயலில் ஷீட் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டில் விழுவதும் நடக்கிறது. 2016 வர்தா, 2018 கஜா புயல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 6 அடிக்கு 8 அடி ஷெட் ஒன்றை எப்படிச் சரியாக அமைப்பது? பார்க்கலாம்.

ஷீட் ஏன் பறக்கிறது?

கூரைக்கு மேல் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, ஷீட்டை மேலே இழுக்கிறது. கதவு திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். காற்றின் வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்காகும்.

6க்கு 8 அடி கூரையின் ஷீட் எடை சுமார் 20 கிலோதான். ஆனால் மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று அதைத் தூக்கும் விசை 200 கிலோவை நெருங்கும். ஐ.எஸ். 875 தரக் குறியீடு சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமோ வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அதனால் கூரை மேல் செங்கல், டயர் வைப்பது பாதுகாப்பு இல்லை. புயலில் முதலில் பறந்து வந்து அடிப்பதே அந்தச் செங்கல்தான்.

இடம் எங்கே?

தண்ணீர் தேங்கும் பள்ளம், செப்டிக் டேங்க் மூடி, மின்கம்பி இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தென்னை, முருங்கை மரத்தடியும் வேண்டாம். முருங்கைக் கிளை லேசான காற்றுக்கே ஒடியும். காம்பவுண்ட் சுவரில் இருந்து 2 அடி தள்ளினால்தான் பின்பக்கம் பெயின்ட் அடிக்க ஆள் போக முடியும். கதவு வடகிழக்கைப் பார்க்காமல் இருந்தால் சாரல் உள்ளே அடிக்காது.

அடித்தளம்தான் உயிர்

நான்கு மூலையிலும் 1 அடி அகலம், 1 அடி நீளம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்து, ஜிஐ பைப்பை நிறுத்தி கான்கிரீட் போடணும். ஒரு குழிக் கான்கிரீட்டே 130 கிலோவுக்கு மேல் வரும். நான்கும் சேர்ந்தால் 500 கிலோவைத் தாண்டும். காற்று தூக்கும்போது ஷெட்டைப் பிடித்து நிற்பது இந்த எடைதான்.

பைப்பைச் சுற்றி கான்கிரீட்டைத் தரைக்கு மேல் கொஞ்சம் ஏற்றி, வெளிப்பக்கம் சரிவாகப் பூசணும். தண்ணீர் தேங்கினால் துரு பிடிப்பது அந்த இடத்தில்தான். உள் தரையைச் சுற்றுத்தரையை விட அரை அடி உயர்த்தணும்.

மூலை சரியா என்று பார்க்க எளிய வழி: குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடிக்கணும். 6க்கு 8 என்றால் இரண்டும் சரியாக 10 அடி வரணும். வரவில்லை என்றால் ஷீட் கோணலாகத்தான் உட்காரும்.

கூரை, ஸ்க்ரூ

முன்பக்கத்தை விட பின்பக்கம் 1 அடி தாழ்வாக இருந்தால் 6 அடி அகலத்துக்குப் போதுமான வாட்டம் கிடைக்கும். வெளியே நீட்டும் ஓரம் அரை அடி போதும். அதிகம் நீட்டினால் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஷீட்டை வடகிழக்குக் காற்றுக்கு எதிர் ஓரத்தில் தொடங்கி அடுக்கினால், ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இணைப்புக்குள் சாரல் புகாது. பக்கவாட்டில் குறைந்தது ஒரு மேடாவது ஏறியிருக்கணும்.

ரப்பர் வாஷர் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடிக்கணும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்தால் வாஷர் காய்ந்ததும் ஒழுகும். வாஷர் லேசாக அமுங்கினால் போதும். நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் சீக்கிரம் வெடித்துவிடும். ஓரத்திலும் மூலையிலும்தான் காற்றின் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ தேவை. வேலை முடிந்ததும் இரும்புத் தூளைப் பெருக்கிவிடணும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே துருக்கறை விழும்.

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகியிருக்கும். அங்கே தேய்த்து ஜிங்க் ப்ரைமர் அடிக்காமல் விட்டால் முதல் துரு அங்கேதான். செலவு குறைவு என்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வாங்கி அறுப்பது ஆபத்து. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உள்ளே கவனிக்க வேண்டியவை

* ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியில் கம்பி வலை அடித்தால் எலி, பாம்பு வராது, காற்றோட்டமும் இருக்கும். முழுவதும் அடைத்தால் கூரையின் உள்பக்கம் நீர் வியர்த்துச் சொட்டும்.
* யூரியா ஈரத்தை இழுக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல், தகரத்தில் படாமல் வைக்கணும்.
* பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பது கட்டாயம்.
* லைட் போட்டால் எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒயர் உரசினால் ஷெட் முழுவதும் ஷாக் அடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஏணி வைத்து ஸ்க்ரூக்களைப் பார்த்து, தளர்ந்ததை முறுக்கி, வெடித்த வாஷரை மாற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. எச்சரிக்கை வந்ததும் கதவைத் தாழிட்டு, மின் இணைப்பைத் துண்டிக்கணும். காற்று தொடங்கிய பிறகு கூரை மேல் ஏறக் கூடாது. ஆட்களோ ஆடு மாடோ உள்ளே ஒதுங்கவும் கூடாது. சாமான் போனால் வாங்கிக்கொள்ளலாம், இது ஆள் தங்கும் இடம் இல்லை.