இல்லாத இடத்தை அளந்த வரலாறு

மரக்காலில் கொட்டிய நெல்லைக் குலுக்கினால் மட்டம் தாழ்வதை நாம் அறிவோம். மணிகளுக்கிடையே இருந்த இடம் குறைகிறது. ரப்பர், பிளாஸ்டிக் போன்ற பாலிமர்களிலும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அவற்றிடையே எஞ்சும் வெற்றிடத்தை அறிவியலார் 'கட்டற்ற பருமன்' என்பர். கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தை மனிதர் எவ்வாறு அளந்தனர் என்பதே நம் கட்டுரையின் பொருள்.

ஒரு திரவம் எளிதில் பாய்வதற்கு அதனுள் இருக்கும் வெற்றிடமே காரணம் என்ற கருத்தை 1913இல் பச்சின்ஸ்கி முன்வைத்தார். 1950இல் ஃபாக்ஸும் ஃபுளோரியும் பாலிஸ்டைரீனை ஆராய்ந்து, வெற்றிடம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கும்போது பாலிமர் கண்ணாடிபோல் இறுகுகிறது என்றனர். அடுத்த ஆண்டில் டூலிட்டில், பாகுத்தன்மையையும் வெற்றிடத்தையும் இணைக்கும் சமன்பாட்டைத் தந்தார். 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரி ஆகிய மூவரும் அதைப் பாலிமர்களுக்கு விரித்தனர். அவர்கள் கணக்குப்படி, இறுகும் வெப்பநிலையில் எஞ்சும் வெற்றிடம் மொத்தப் பருமனில் ஏறத்தாழ 2.5 விழுக்காடே. இச்சிறு பங்கு இன்னும் சற்றுக் குறைந்தால் சங்கிலிகளின் அசைவு பன்மடங்கு மந்தமாகிவிடும்.

ஆயினும் இவையெல்லாம் பாகுத்தன்மையிலிருந்து ஊகித்த கணக்குகள். குழிகளை நேரே தொட்டறியும் கருவி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1932இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டறிந்தார். அது எலக்ட்ரானோடு இணைந்து சிறிதுகாலம் வாழும் பாசிட்ரோனியத்தை 1951இல் மார்ட்டின் டாய்ச் கண்டார். அதன் நீண்ட ஆயுளுடைய வடிவம் வெற்று வெளியில் சராசரியாக 142 நானோநொடி வாழும். பாலிமரின் குழிக்குள் சிக்கினாலோ, சுவரில் உள்ள எலக்ட்ரான் ஒன்றால் ஒரு சில நானோநொடியிலேயே அழிந்துவிடும். குழி சிறிதாயின் ஆயுளும் குறுகும்.

சோடியம்-22 பாசிட்ரானை உமிழும் அதே வேளையில் ஒரு காமாக் கதிரையும் வெளியிடும். அது பிறப்பின் அறிவிப்பு. அழியும்போது எழும் மற்றொரு கதிர் இறப்பின் அறிவிப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட காலமே நமக்கு வேண்டிய அளவு. அந்தக் காலத்தைக் குழியின் ஆரமாக மாற்றும் வழியை 1972இல் டாவோவும், 1981இல் எல்ட்ரப் குழுவினரும் வகுத்தனர். 2 நானோநொடி ஆயுள் எனில் ஆரம் ஏறத்தாழ 0.29 நானோமீட்டர். பாசிட்ரோனியம் நுழைய இயலாத நுண்குழிகளை இம்முறை காணாது. எனவே இதன் முடிவும் பழைய சமன்பாடுகளின் முடிவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இந்த வெற்றிடம் காலத்தோடும் சுருங்கும். வைத்த இடத்திலேயே இருந்தும் பிளாஸ்டிக் மெல்ல விறைத்து எளிதில் உடைவதாகும் இம்முதுமையை, 1978இல் ஸ்ட்ராய்க் தம் நூலில் விரிவாக விளக்கினார்.

குளிரும் வெற்றிடத்தைச் சுருக்கும். அதன் விலை என்ன என்பதை உலகம் 1986 ஜனவரி 28ஆம் நாள் கண்டது. சேலஞ்சர் விண்ணோடத்தின் பூஸ்டர் இணைப்புகளை அடைத்திருந்தவை ரப்பர் வளையங்கள். 12 பாகைக்குக் கீழான குளிரில் ஏவ வேண்டாமென அவற்றை அறிந்த பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தனர். மேலாளர்கள் அதனை ஏற்கவில்லை. ஏவிய வேளையில் வெப்பநிலை 2 பாகை. அந்த ரப்பர் அப்போது கண்ணாடியாக இறுகிவிடவில்லை. ஆனால் சங்கிலிகளின் அசைவு மந்தமானதால், விரியும் இடைவெளியை நிரப்பும் விரைவில் அதனால் நிமிர இயலவில்லை. ஏழு பேர் உயிரிழந்தனர். பிப்ரவரி 11ஆம் நாள் விசாரணைக் குழுவின் முன் ஃபெய்ன்மன் இறுக்கிய ரப்பர்த் துண்டொன்றைப் பனிநீரில் இட்டு, அது நிமிரத் தாமதிப்பதைக் காட்டினார்.

ரப்பரின் அசைவு குளிரில் எவ்வாறு தளர்கிறது என்பதை 1955ஆம் ஆண்டுச் சமன்பாடு முன்னரே சொல்லியிருந்தது. அந்த இரவில் குறைவாக இருந்தது அறிவன்று. அறிந்தோர் சொல்லைக் கேட்கும் செவியே என்பதை நாம் வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.